வெள்ளிக்கிழமை குளித்த இஞ்சின்

அந்த இஞ்சின் முல்லைத்தீவுக் கரைக்கு வந்த அன்று எங்கள் சம்மாட்டியார் அதற்கு மாலை போட்டார். இஞ்சினுக்கு ஒரு மாலை, தனக்கு ஒரு மாலை. லொறியால் இறக்கி, எங்கிருந்தோ ஒரு மேளக்காரரையும் பிடித்து, கடற்கரை வீதி முழுக்க ஊர்வலம் கொண்டுபோனார். தன் கலியாணத்துக்குக்கூட மனுசன் இந்த எடுப்பில் நடக்கவில்லை என்று அவருடைய பெண்சாதியே வேலிக்கு மேலால் என்னிடம் சொன்னார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. ஆனாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். ஏனென்றால் அந்த இரும்பைத் தோளில் சுமந்துகொண்டு வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்தவர் என் புருஷன்.

வள்ளமும் வலையும் சொந்தமாக வைத்திருக்கிறவரைத்தான் எங்கள் கரையில் சம்மாட்டி என்பது. வள்ளத்தை ஓட்டிக்கொண்டு கடலுக்குப் போகிறவன் ஓட்டி. சம்மாட்டியார் கரையில் கதிரை போட்டு இருப்பார். ஓட்டி கடலில் நனைவான். என் புருஷன் அவருக்கு ஓட்டி. கலியாணத்துக்கு முன்னமே அவரிடம் தொழிலுக்குப் போனவர். எந்தக் காற்றுக்கு எங்கே மீன் நிற்கும் என்பதெல்லாம் என் புருஷனின் தலைக்குள் இருந்தது. கரையில் நின்று “நான் பிடிச்ச மீன்” என்று சொல்லும் வாய் மட்டும் சம்மாட்டியாருடையது.

அறுபதுகளில் வள்ளங்களுக்கு இஞ்சின் பூட்டுகிற ஆசை எங்கள் பக்கம் எல்லோரையும் பிடித்து ஆட்டியது. வந்த இஞ்சின்கள் அநேகமாக எல்லாம் பெற்றோலோடு ஒயிலையும் கலந்து குடிக்கிற சாதி. எங்கள் சம்மாட்டியாருக்கு ஊரில் ஒருவரிடமும் இல்லாததுதான் வேண்டும். ஆரோ ஒரு வியாபாரி அவருடைய இந்தக் குணத்தை அறிந்து, வேறு மாதிரியான ஒன்றை அவர் தலையில் கட்டிவிட்டான். அதற்கு ஒயில் தனியாக, அடிவயிற்றில் கிடக்கும். பெற்றோல் தாங்கி தலையிலேயே இருக்கும். அதை இங்கிலீசில் ‘போர் ஸ்ட்ரோக்’, எங்கள் பாசையில் நாலு அடி இஞ்சின் என்று சொல்வார்களாம். நாலு அடி என்றால் என்னவென்று சம்மாட்டியாரிடம் ஒருவர் கேட்டதற்கு, உயரம் நாலு அடி என்று கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார். அளந்து பார்க்க ஆருக்குத் துணிவு வரும்!

இஞ்சினை வள்ளத்தில் விட்டுவைக்கமாட்டார். கடலால் வந்ததும் என் புருஷன் கழற்றித் தோளில் சுமந்து அவருடைய வீட்டு அறைக்குள் கொண்டுபோய் வைக்க வேண்டும். பெற்றோல் அடைத்த இரும்புப் பரலும் அதே அறையில்தான். அறையைப் பூட்டுகிற திறப்பு அவருடைய இடுப்பில். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விடியமுன் அவர் தோய்ந்து, ஈர வேட்டியோடு அந்த அறைக்குள் போவார். இஞ்சினின் மேல்மூடியைக் கழற்றி, செம்பில் மஞ்சள் தண்ணீர் கரைத்து, தலையில் இருந்து கால்வரை வார்ப்பார். பிறகு சந்தனம், குங்குமம், ஒரு தேசிக்காய், கற்பூரம். வெள்ளிக்கிழமை எங்கள் பக்கத்தார் கடலுக்குப் போவதில்லை. சனிக்கிழமை காலை என் புருஷன் அந்தக் குங்குமத்தை எல்லாம் துணியால் துடைத்துவிட்டுத்தான் இஞ்சினைத் தூக்குவார்.

வலைக்கும் வள்ளத்துக்கும் மஞ்சள் தண்ணீர் தெளிப்பது எங்கள் வழக்கம்தான், அதில் நான் பிழை சொல்லவில்லை. வலை நனையத்தானே பிறந்தது. சம்மாட்டியாருக்கு இரண்டு விரலால் தெளிப்பது காணாது. காணாது என்றால் போதாது. வார்த்தால்தான் அவருக்குப் பக்தி.

தென்மேற்குக் காற்று வீசுகிற சோளகக் காலம், கடல் நல்லாய்ப் படிந்து கிடந்தது. அன்று ஒரு சனிக்கிழமை. விடிய வெளிக்கிட்ட வள்ளம் மத்தியானமாகியும் வரவில்லை. மற்ற வள்ளங்கள் எல்லாம் கரையேறி, மீனும் ஏலம் போய், காகங்கள் மட்டும் மிச்சமாக நின்றன. நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையில் நின்றேன். வெயில் சாய்கிற நேரத்தில்தான் தூரத்தில் தெரிந்தது. என் புருஷனும் கூட வலை இழுக்கிற பெடியனும் துடுப்புப் போடுகிறார்கள், இஞ்சின் செத்த பிணமாகத் தொங்குகிறது. வள்ளத்தில் ஒரு மீன் இல்லை.

“நடுக்கடலில நிண்டுட்டுது. எவ்வளவு இழுத்தும் பிடிக்கேல்லை. இருமுது, துப்புது, பிறகு பேச்சு மூச்சில்லை,” என்றார் என் புருஷன். உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தன.

சம்மாட்டியார் கதிரையை விட்டு எழும்பி வந்தார். வாயில் வெற்றிலை. தாங்கியின் மூடியைத் திறந்து, கொஞ்சத்தைச் சிரட்டையில் வார்த்துப் பார்த்தார். சிரட்டைக்குள் பெற்றோல் ஒரு பக்கம், தண்ணீர்க் குமிழ் ஒரு பக்கம் ஓடியது. அவ்வளவுதான். கரை முழுக்கக் கேட்கக் கத்தினார்.

“டேய்! பெற்றோலை வாடிக்காரங்களுக்கு வித்துப்போட்டுக் கடல் தண்ணியை நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறாய் என்ன? என்ர சோத்தைத் திண்டு என்ர வயித்திலயே அடிக்கிறியோ, கள்ளா!”

வாடிக்காரர் என்பது வெளியூரில் இருந்து வந்து பருவத்துக்கு மட்டும் குடிசை போட்டுத் தொழில் செய்கிறவர்கள். அவர்களிடமும் இஞ்சின் இருந்தது. அதனால் கதை ஒட்டிக்கொண்டது. ஏலம் கூறுகிறவன், மீன் வாங்க வந்தவர்கள், வலை காயப்போட்டுக்கொண்டு நின்றவர்கள் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் புருஷனிடம் இருந்து வந்தது “இல்லை ஐயா” என்று ஒரு சொல். அதுவும் காற்றில் போயிற்று. பிறகு அந்த இஞ்சினைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு, தன்னைக் கள்ளன் என்றவரின் வீட்டுக்கே சுமந்து போனார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

“இஞ்சாருங்கோ, வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையோ? நான் எடுக்கேல்லை எண்டு அந்தாள் முகத்தில சொல்லியிருக்கலாமே!” என்று வீட்டுக்கு வந்ததும் பாய்ந்தேன்.

“சொன்னனான்தானே.”

“அதைச் சொன்னதெண்டு சொல்லுறியளோ?”

“எடுக்காதவன் எத்தினை தரம் சொல்லுறது?” என்று விட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

கடற்கரையில் கள்ளன் என்ற பெயர் எடுத்தவனை ஒரு வள்ளத்திலும் ஏற்றமாட்டார்கள். கடலில் ஆளை ஆள் நம்பித்தான் சீவியம். ஒரு சம்மாட்டி தள்ளிவைத்தவனை மற்றச் சம்மாட்டிமார் எடுக்கமாட்டார்கள். அதில் அவர்களுக்குள் நல்ல ஒற்றுமை. மிச்சம் இருக்கிற வழி, மண்வெட்டி பிடிக்கத் தெரியாத மனுசன் இரணைமடுப் பக்கம் போய், வயலில் கூலிக்கு நிற்பது. நாலாம் நாள் குடிதண்ணீர் அள்ளப் போனபோது, எப்போதும் எனக்குத் துலாக்கயிற்றை இறக்கித் தருகிறவள் தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினாள். இவளுடைய புருஷன் கடலில் மற்றவன் வலையைக் களவாகக் கிளப்பியதை ஊரே அறியும். இவளும் எனக்கு முதுகைக் காட்டுகிறாள்! குடத்தை நிரப்பிக்கொண்டு வந்து குசினிக்குள் அடுப்படியில் இருந்து அழுதேன். ஆத்திரத்தில் வந்த அழுகைதான். அதில் பயமும் கலந்து இருந்தது.

இஞ்சினோ செத்தபடி கிடந்தது. சம்மாட்டியார் வீட்டு முற்றத்தில், பூவரசமரத்தின் கீழ், மரக்குற்றியில் பூட்டி வைத்து ஊரில் உள்ள கெட்டிக்காரர் எல்லாம் வைத்தியம் பார்த்தார்கள். ஒருவர் பெற்றோலுக்குள் ஒயில் கலக்கவில்லை, அதுதான் வியாதி என்றார். கலந்து இழுத்தார்கள். வெள்ளைப் புகை ஒரு தரம் வந்தது. புகை வந்ததற்கே கைதட்டினார்கள்! இன்னொருவர் பழைய பெற்றோலுக்கு மேலேயே புதுப் பெற்றோலை ஊற்றச் சொன்னார். தண்ணீர் அடியில் கிடக்கிறது, மேலே எவ்வளவு ஊற்றினால் என்ன? மூன்றாமவர் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்மூட்டைப் பிசகிக்கொண்டு எண்ணெய் போடப் போனார்.

“வற்றாப்பளைக் கோயிலில அம்மாளுக்கு உப்புத்தண்ணியில விளக்கெரியுது. சம்மாட்டியாற்ற இஞ்சின் எரியமாட்டுதாம்! பூசையில ஏதோ குறை,” என்று ஒரு கிழவர் வேலிக்கு வெளியே நின்று பகிடி விட்டார். சம்மாட்டியார் அதைப் பகிடி என்று விளங்கிக்கொள்ளவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு செம்பு வார்த்தார்.

மீன் படுகிற காலம் கழிந்துகொண்டிருந்தது. மற்றவர்களின் வள்ளம் நிறைந்து வருவதைக் கதிரையில் இருந்து பார்ப்பது அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். கடைசியில் தண்ணீரூற்று என்ற ஊருக்கு ஆள் அனுப்பினார். அங்கே வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற இஞ்சின்களும் லொறிகளும் திருத்துகிற ஒரு முஸ்லிம் மெக்கானிக் இருந்தார். அண்ணன் என்ற முறையில் எல்லோரும் அவரை நானா என்போம். நல்ல வேலைக்காரர், நல்ல வாய்க்காரரும்கூட. தான் கெட்டிக்காரன் என்று அவரே எல்லோருக்கும் சொல்லுவார்.

நானா வருகிறார் என்று கேள்விப்பட்டதும் நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டேன்.

“போகாதை. நாங்கள் ஏன் அங்க?” என்றார் என் புருஷன்.

“நீங்கள் கிழிஞ்ச வலையைப் பொத்துங்கோ. உங்களுக்கு அதுதானே வரும்,” என்று சொல்லிவிட்டுப் போனேன். சம்மாட்டியார் வீட்டு முற்றத்தில் ஆரும் என்னை இரு என்று சொல்லவில்லை. நானே இருந்துகொண்டேன்.

நானா சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு, சாக்கைத் திறந்து இஞ்சின் கழற்றுகிற சாவிகளைப் பரப்பினார். முதலில் பிளக்கைக் கழற்றினார். அதன் நுனியில் ஒரு துளி தண்ணீர் நின்றது. அதைச் சம்மாட்டியாருக்குக் காட்டினார்.

“இந்தத் துளி நிக்குமட்டும் நெருப்புப் பொறி வராது. கொஞ்சம் விலகி நில்லுங்கோ,” என்றார்.

சம்மாட்டியார் தன் வீட்டில் தான் ஏன் விலகுவது என்பதுபோல் நின்றார். நானா பிளக் இல்லாமலே கயிற்றை இழுத்தார். பிளக் இருந்த ஓட்டையால் கறுப்புத் தண்ணீர் சீறிக்கொண்டு வந்து சம்மாட்டியாருடைய வெள்ளை வேட்டி முழுக்கப் பட்டது. இவ்வளவு நாளில் நான் முதல் தரம் சிரித்தது அப்போதுதான்.

பிறகு நானா ஒயில் அளவு பார்க்கிற கம்பியை வயிற்றுக்குள் இருந்து உருவினார். ஒயில் என்றால் தேன் நிறத்தில் இருக்கும், ஓடின ஒயில் கறுப்பாய் இருக்கும். இது வெளிறி, தடித்து, நுரையோடு வந்தது.

“இதென்ன சம்மாட்டியார், ஒயிலோ பால்தேத்தண்ணியோ?”

“பாத்தியளே! ஒயிலையும் களவெடுத்துப்போட்டுப் பாலைக் கலந்திருக்கிறான்!” என்றார் சம்மாட்டியார்.

நானா கம்பியைக் கீழே வைத்துவிட்டு அவரை ஒரு மாதிரி ஏற இறங்கப் பார்த்தார். “களவெடுக்கிறவன் பெற்றோல் எடுப்பான். இந்தப் பழைய ஒயிலை எடுத்து ஆருக்கு விக்கிறது? அதுக்குப் பால் வாங்கி வேற ஊத்திறானோ? ஒயிலுக்குள்ள தண்ணி போனால் இப்பிடித்தான் வெளுக்கும். பெற்றோலுக்குள்ளயும் தண்ணி, ஒயிலுக்குள்ளயும் தண்ணி. இது மேலால போன தண்ணி.”

“கடல்ல அலை அடிச்சிருக்கும்.”

“மேல்மூடி போட்டிருந்தால் அலை அடிச்சு உள்ள போகாது.”

“அப்ப அவன்தான் மூடியைக் கழட்டிப்போட்டு ஊத்தியிருக்கிறான்.”

எந்த வழியால் போனாலும் மனுசன் என் புருஷனின் வாசலில்தான் வந்து நின்றார்! நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

நானா தாங்கியின் மூடியைப் பார்த்தார். அதன் நடுவில் ஒரு சின்னத் திருகாணி உண்டு. ஓடும்போது அதை இளக்கிவிட்டால்தான் காற்றுப் போய்ப் பெற்றோல் இறங்கும். கரைக்கு வந்ததும் இறுக்க வேண்டும். அது இளகி இருந்தது.

“இதை ஆர் திறந்து விட்டது?”

“ஓட்டி இறுக்கிப்போட்டுத்தான் போவான். நான்தான் இரவில இளக்கி விடுறனான்,” என்றார் சம்மாட்டியார், பெரிய காரியம் செய்தவர்போல. “அறைக்குள்ள பூட்டி வைச்சால் அதுக்கு மூச்சு முட்டாதோ?”

நானா வெற்றுச் சாராயப் போத்தல் ஒன்று கேட்டார். அந்த வீட்டில் அதற்கு மட்டும் பஞ்சமில்லை. தாங்கியில் மிஞ்சிக் கிடந்ததையும், காபரேற்றரின் அடிக்கிண்ணத்தில் கிடந்ததையும் போத்தலுக்குள் வடித்து நிழலில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் பெற்றோல் மேலே தெளிந்து நின்றது. கீழே தண்ணீர். தண்ணீருக்கும் கீழே, போத்தலின் அடியில், மஞ்சளாய் ஒரு மண்டி.

“பாருங்கோ, கடல் தண்ணி! நான் சொன்னனானோ இல்லையோ? அடியில கிடக்கிறது கறள்,” என்றார் சம்மாட்டியார். கறள் என்றால் துரு.

நானா மேலே நின்ற பெற்றோலை வார்த்து எடுத்துவிட்டு, அடித் தண்ணீரில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினார். “உப்பில்லை.”

“பெற்றோல் பட்ட நாக்குக்கு உப்புத் தெரியுமோ? கதை விடாதையும்.”

“அறுபது இஞ்சின் பாத்த நாக்கு இது, சம்மாட்டியார்.”

“எந்த நாக்கெண்டாலும் நாக்குத்தானே. நான் கடல் தண்ணி எண்டுறன்!”

இரண்டு பேரும் மாறி மாறிக் கத்தினார்கள். தன் நாக்கு சரி என்று நானாவும், தன் சொல் சரி என்று சம்மாட்டியாரும். என் புருஷனின் பெயர் இந்த இரண்டு பேரின் வீம்புக்குள் நசிந்துகொண்டு இருந்தது. நான் அந்த மஞ்சள் மண்டியையே பார்த்துக்கொண்டு இருந்தேன். கறளை நான் காணாததோ? உப்புக்காற்றில் எங்கள் வீட்டு ஆணி, அரிவாள், வாளி எல்லாம் கறள்தான். அது செங்கல் நிறம். இதுவோ நான் ஒவ்வொரு நாளும் அம்மியில் அரைக்கிற நிறம்.

பிள்ளையை இறக்கிவிட்டு எழும்பிப் போனேன். கதிரைக்குப் பக்கத்தில் சம்மாட்டியாரின் வெற்றிலைத் தட்டம் கிடந்தது. கேட்காமலே அதில் இருந்த சுண்ணாம்பை விரலில் எடுத்தேன்.

“ஏய் பிள்ளை, என்ன செய்யிறாய்?”

“கொஞ்சம் பொறுங்கோ சம்மாட்டியார். நானா, அந்த மண்டியில கொஞ்சத்தை இந்தச் சிரட்டையில ஊத்துங்கோ.”

நானா ஊற்றினார். நான் சுண்ணாம்பு விரலை வைத்துக் கலக்கினேன். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது எங்கள் பக்கத்துச் சின்னப் பெட்டைக்கும் தெரியும். ஆலாத்தித் தண்ணீர் கரைப்பதே அப்படித்தானே. சிரட்டைக்குள் கிடந்தது பார்த்துக்கொண்டிருக்கவே சிவந்தது. நல்ல இரத்தச் சிவப்பு.

நானா ஒரு சிரிப்புச் சிரித்தார். பிறகு தன் சாக்குக்குள் இருந்து கறள் பிடித்த ஆணி ஒன்றை எடுத்து, அதன் கறளை வேறொரு சிரட்டையில் சுரண்டித் தண்ணீர் விட்டு, என்னிடம் நீட்டினார். “இதுக்கும் வையுங்கோ தங்கச்சி. பிறகு ஆரும் கதை சொல்லக்கூடாது.” வைத்தேன். கறள் கறளாகவே கிடந்தது.

“கடலுக்குள்ள ஆர் சம்மாட்டியார் மஞ்சள் அரைச்சது? சுறாவோ, திருக்கையோ?” என்று கேட்டேன். “வெள்ளிக்கிழமை செம்பு தூக்கினது ஆர்? மேல்மூடியைக் கழட்டினது ஆர்? மூச்சு முட்டும் எண்டு திருகாணியை இளக்கினது ஆர்? என்ர மனுசனோ?”

குசினி வாசலில் நின்ற சம்மாட்டியாரின் பெண்சாதி, “நான் அப்பவே சொன்னனான், இந்தாள் கேட்டால்தானே,” என்றார். அவர் எப்போது சொன்னாரோ தெரியாது. மேளம் அடித்த அன்று சொன்னது கலியாணக் கதை மட்டும்தான்.

சம்மாட்டியார் சிரட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெற்றிலையைத் துப்பினார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அம்மாள் என்னைச் சோதிச்சுப்போட்டா,” என்றார். இவர் தண்ணீர் வார்த்ததற்கு அம்மாள் பொறுப்பு! “சரி, விடு பிள்ளை. நடந்தது நடந்துபோச்சு. நாளைக்கு அவனைத் தொழிலுக்கு வரச் சொல்லு. இதை வெளியில கதைச்சுத் திரியத் தேவையில்லை.”

“கரையில வைச்சுக் கள்ளன் எண்டனீங்கள். குசினி வாசல்ல வைச்சு இல்லையெண்டுறியளோ?”

“அவன் என்ர பிள்ளை மாதிரி. ஏதோ கோவத்தில ஒரு சொல் வந்திட்டுது.”

பிள்ளை மாதிரியாம்! அதற்குமேல் நின்றால் அந்தச் சிரட்டையை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப்போய் இருந்தேன். ஆனால் போகவில்லை. அந்த இஞ்சின் உயிர் பெறுவதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

நானா வாயை ஓயவிடாமல் பேசிக்கொண்டே வேலையைப் பார்த்தார். தாங்கியைக் கழற்றிக் கவிழ்த்துத் துடைத்து வெயிலில் காயவைத்தார். காபரேற்றரைத் துண்டு துண்டாகப் பிரித்து, மஞ்சள் அடைத்துக் கிடந்த சின்னத் துளைகளை மண்ணெண்ணெயில் கழுவி வாயால் ஊதினார். அடி ஆணியைத் திருகி வெளுத்த ஒயிலை எல்லாம் வடித்தார். புது ஒயில் ஊற்றிக் கையால் சுற்றி, அதையும் வடித்தார். அதுவும் கொஞ்சம் வெளிறித்தான் வந்தது. “உள் மூலையில இன்னும் நிக்குது,” என்று திட்டிக்கொண்டு மறுபடியும் ஊற்றினார். இஞ்சின் சூடாகி ஓடினால்தான் மிச்ச ஈரமும் ஆவியாய்ப் போகும், அதற்குப் பிறகும் ஒருக்கா ஒயிலை மாற்ற வேண்டும் என்று சொல்லிவைத்தார். பிளக்கை அடுப்பில் காட்டிச் சூடாக்கிக்கொண்டு வந்து பூட்டினார். பரலில் இருந்த பெற்றோலைக்கூட போத்தலில் எடுத்துத் தெளியவிட்டுப் பார்த்த பின்னர்தான் தாங்கிக்குள் விட்டார்.

கயிற்றை இழுத்தார். ஒரு இருமல். மறுபடியும் இழுத்தார். மரக்குற்றி அதிர, பூவரசம் இலை எல்லாம் நடுங்க, இஞ்சின் பிடித்துக்கொண்டது. புகை முதலில் வெள்ளையாய் வந்து பிறகு மெல்ல மெல்லக் குறைந்தது.

“சாமிக்குச் செய்யிறதைச் சாமிக்குச் செய்யுங்கோ சம்மாட்டியார். இதுக்கு ஒயில் காணும்,” என்று சொல்லிக் கையைத் துடைத்தார் நானா.

வீட்டுக்கு வந்து நடந்தது எல்லாவற்றையும் என் புருஷனுக்குச் சொன்னேன். பொத்தின வலையைக் கீழே வைக்காமலே கேட்டார். “நாளைக்குத் தொழிலுக்கு வரட்டாம்,” என்றேன். “ம்,” என்றார். அவ்வளவுதான். இந்த மனுசனுக்கு நான் என்ன பாடு பட்டேன், இவர் ‘ம்’ என்கிறார்! அன்று நான் சோறு போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

அடுத்தநாள் காலை கரையில் சனம் கூடிவிட்டது. உயிர்த்த இஞ்சினைப் பார்க்க வேண்டுமே. கள்ளன் என்று காது குளிரக் கேட்ட அதே ஆட்கள், அதே இடத்தில் நின்றார்கள். துலாக்கயிற்றை இறக்கித் தராதவளும் நின்றாள், “எனக்கு அப்பவே தெரியும் அக்கா” என்று என்னிடம் வந்து சொல்லவும் செய்தாள். நான் அவளுக்கு முகம் கொடுக்கவில்லை. சம்மாட்டியார் சலவை வேட்டியோடு கதிரையில் இருந்தார். என் புருஷன் இஞ்சினைச் சுமந்து வந்து வள்ளத்தில் பூட்டினார். வள்ளத்தை இடுப்பளவு தண்ணீருக்குத் தள்ளிக் கயிற்றை இழுத்தார். உடனே பிடித்தது. சனம் ஓவென்று சத்தம் போட்டது.

“எல்லாம் அம்மாளின்ர அருள்!” என்று சம்மாட்டியார் எழும்பி நின்று இரண்டு கையையும் தூக்கினார். “சரி தம்பி, வெளிக்கிடு. நேரம் போகுது.”

என் புருஷன் வெளிக்கிடவில்லை. இஞ்சினை நிற்பாட்டினார். மறுபடியும் தண்ணீரோ என்று நான் இஞ்சினைப் பார்த்தேன்.

“ஏன், என்ன?” என்று சம்மாட்டியார் கேட்டார்.

“சத்தத்தில ஒருத்தருக்கும் கேக்காது எண்டுதான் நிப்பாட்டினனான்,” என்றார் என் புருஷன். அவர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் கரை முழுக்கக் கேட்டது. “சம்மாட்டியார், நான் களவெடுக்கேல்லை எண்டு நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ. அண்டைக்குச் சொன்ன இடத்தில நிண்டு சொல்லுங்கோ.”

“அதுதான் நேற்று உன்ர பெண்சாதியிட்டச் சொன்னனே.”

“எனக்குக் கேக்கேல்லை.”

சம்மாட்டியார் சுற்றிவரப் பார்த்தார். ஒருவரும் அவருக்காக வாய் திறக்கவில்லை. மற்ற வள்ளங்கள் எல்லாம் போய்க்கொண்டிருந்தன. என் புருஷன் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். இந்த இஞ்சினை ஓட்டத் தெரிந்தவன் அந்தக் கரையில் அவர் ஒருவர்தான்.

“களவெடுக்கேல்லை,” என்றார் சம்மாட்டியார் வெற்றிலைக்குள்.

“கேக்கேல்லை!” என்றேன் நான்.

என்னை எரித்துவிடுகிற மாதிரிப் பார்த்தார். பிறகு, “இவன் களவெடுக்கேல்லை! தண்ணி வாத்தது நான்! காணுமோ?” என்று தொண்டை கிழியக் கத்தினார்.

“காணும்,” என்றார் என் புருஷன். கயிற்றை இழுத்தார், வள்ளம் போயிற்று.

அவருக்குக் காணும். எனக்குக் காணாது, இன்றைக்கும் காணாது.